பெருங்காயம் போடாத ரசம்

நீல மூடி போட்ட பால்புட்டியை என் தங்கச்சி பிளாஸ்டிக் பையில் சுற்றி, மாடியிலிருந்து கீழே இறங்கிப் போய்ப் பெரிய குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். வீட்டுக் குப்பையில் போட்டால் பிள்ளை தேடி எடுத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பிஸ்கட் டப்பாவும் அதே பையில் போயிற்று. கை கழுவிவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்.

"அக்கா, இன்னையிலேர்ந்து ரொட்டி, பிஸ்கட், பால், தயிர், நெய் ஒண்ணும் கிடையாது. மூணு மாசம். அழுதாலும் குடுக்கக்கூடாதுலா. நீங்க மனசு எளகிடுவீங்க, அதான் சொல்றேன்."

நான் தலையை ஆட்டினேன். எனக்கு ஆட்டத்தான் தெரியும்.

எங்கள் அம்மாவுக்கு நான் மூத்தவள், அவள் கடைசி. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தலைமுறை இடைவெளி. நான் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு நின்று வேலைக்குப் போனவள். அவள் படித்து, பினாங்குத் தீவுக்கு வந்து, ஃபேக்டரியில் சூப்பர்வைசர் ஆனாள். என் வீட்டுக்காரர் போன பிறகு, தனியாக இருக்க வேண்டாம் என்று என்னைத் தன் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். அவள் புருஷன் ஜொகூருக்கு லாரி ஓட்டுகிறார், வீட்டில் இருக்கும் நாள் குறைவு. அவள் ஷிஃப்டுக்குப் போனால் பிள்ளைக்கு நான்தான்.

பிள்ளைக்கு ஏழு வயது. பெண் பிள்ளை. பேச்சு இல்லை. ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். காது நன்றாகக் கேட்கும், நமக்குக் கேட்காததும் கேட்கும். லிஃப்ட் எங்கள் மாடிக்கு வருவதற்கு முன்னாலேயே கதவைப் பார்ப்பாள். தனக்கு வேண்டியதை வாயால் கேட்கமாட்டாள். நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அந்தப் பொருள் மேல் நம் கையை வைப்பாள். ஐஸ்பெட்டிக் கதவின் மேல் வைத்தால் பால். கபர்டின் மேல் வைத்தால் பிஸ்கட். வாசல் கதவின் பூட்டில் வைத்தால், கீழே பாய் கடைக்குப் போய்ப் பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டி சானாய் வாங்க வேண்டும்.

அவள் சாப்பிட்டது இந்த மூன்றும்தான். ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, மேலே சீனி தூவி, மொறுமொறுப்பான ஓரத்தை முதலில் சாப்பிடுவாள். குழம்பு ஒரு சொட்டுப் பட்டால் தட்டையே தள்ளிவிடுவாள். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் வேறு என்ன இருக்கிறது என்று தங்கச்சியிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஏனென்றால் செபராங் ஜெயாவில் நடந்ததை நானும் பார்த்திருந்தேன்.

தங்கச்சி போனில், இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பெற்ற அம்மாமார்களின் குழு ஒன்றில் சேர்ந்திருந்தாள். அதில் ஒருத்தி தன் மகனுக்குக் கோதுமையும் பாலும் நிறுத்தியதில் பேச்சு வந்துவிட்டது என்று சொல்லியிருந்தாள். அவளைப் பார்க்கத்தான் பாலம் தாண்டி செபராங் ஜெயாவுக்குப் போனோம். நல்ல மனுஷி. இவள் எப்படித் தவிக்கிறாளோ அப்படித் தவித்துத்தான் அவளும் அங்கே வந்து சேர்ந்திருந்தாள். கோதுமையும் பாலும் வயிற்றில் சரியாகச் செரிக்காமல் பிள்ளையின் மூளையை மயக்கத்தில் வைத்திருக்கிறது என்று விளக்கினாள். எனக்குப் பாதி புரிந்தது. அப்போது அவள் மகன் அறையிலிருந்து வந்து, "ஆன்டி, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டான். அம்மா சொல்லிக் கொடுத்த வாசகம்தான். ஆனாலும் கேட்டான்.

என் தங்கச்சி அவனை மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவன் அம்மா போதும் என்பதுபோல அவனை உள்ளே அனுப்பிவிட்டாள். திரும்பி வரும்போது பாலத்தில் காரை ஓட்டிக்கொண்டே தங்கச்சி சொன்னாள்: "அம்மான்னு ஒரு தடவை கூப்டா போதும்க்கா. அப்புறம் வாழ்நாளெல்லாம் பேசாம இருந்தாலும் பரவால்ல." பின்சீட்டில் பிள்ளை கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் பிள்ளை என் கையை ஐஸ்பெட்டியின் மேல் வைத்தாள். நான் திறந்து காட்டினேன். உள்ளே பால் இல்லை. கதவை மூடி, மறுபடி என் கையை வைத்தாள். நான் சரியாகத் திறக்கவில்லை என்று நினைத்திருப்பாள் போல. எத்தனை முறை திறந்தேனோ. அப்புறம் தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தாள். தலையணையைச் சுவருக்கும் தலைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி வேலையிலிருந்து போன் செய்து என்ன நடக்கிறது என்று கேட்டபோது, சும்மா இருக்கிறாள் என்று சொன்னேன்.

ரொட்டிக் கடையைத் தாண்டுவதுதான் பெரிய பாடு. எங்கள் கட்டடத்தின் வாசல் பக்கமே பாய் கடை. கல்லில் மாவு விழும் சத்தம் கேட்டால் பிள்ளை நகரமாட்டாள். ரொட்டி போடுகிறவர் அவளுக்கென்றே கொஞ்சம் முறுகலாக ஒன்று போட்டுத் தனியாக வைப்பது வழக்கம். நாங்கள் போகாமல் விட்டதும் ஒரு நாள் என்னைப் பார்த்து, "என்னக்கா, எங்க கை ருசி கசந்து போச்சா? வேற கடைக்கு மாறிட்டீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். விளக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் சிரித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு பின்பக்கப் படிக்கட்டில் இறங்கி, குப்பைத் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு பிள்ளையை வெளியே கூட்டிப்போனேன். அந்த வழியில் நாற்றம் தாங்காது. பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு வருவாள்.

செபராங் ஜெயாக்காரி கொடுத்த, கோதுமை சேராத விசேஷ மாவில் ரொட்டி தட்டினேன். விரலை எடுத்தால் பிளந்துபோகும். வாழையிலையில் தட்டினேன், பிளாஸ்டிக்கில் தட்டினேன். கல்லில் போட்டால் ஓடு மாதிரி ஆனது. சீனி தூவிக் கொடுத்தேன். பிள்ளை முகர்ந்து பார்த்தாள். கொண்டுபோய் ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அடுத்த நாளும் ஒன்றை வைத்தாள். வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். புறாவும் அதைத் தொடவில்லை. தோசை, இடியாப்பம், தேங்காய்ப்பால் கஞ்சி, எல்லாம் அந்த ஜன்னலுக்குத்தான் போயின. கைப்பிடிப் பொரியும் தண்ணீரும் மட்டும் உள்ளே போனது. கன்னம் வற்றியது. குளிப்பாட்டும்போது முதுகெலும்பு என் கையில் தட்டும்.

அப்புறம் ஒரு மத்தியானம் எனக்காக ரசம் வைத்தேன். தாளித்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. பார்த்தால் பிள்ளை. மூக்கு விடைத்திருந்தது. என் கையைப் பிடித்து ரசச் சட்டியின் பக்கம் கொண்டுபோனாள். சூடு என்பதால் நான் இழுத்துக்கொண்டேன். அவள் விடவில்லை.

சோற்றைக் குழைய மசித்து, ரசத்தைத் துணியில் வடிகட்டி ஊற்றி, ஆற வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டாள். இன்னும் வேண்டும் என்று என் கையைச் சட்டியிடம் கொண்டுபோனாள். தங்கச்சியிடம் அன்றைக்கு நான் சொல்லவில்லை. கண் பட்டுவிடும் என்று பயம். மறுநாளும் சாப்பிட்ட பிறகுதான் சொன்னேன். அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகு நேரம் உள்ளேயே இருந்தாள்.

கொஞ்ச நாள் வீட்டில் மூச்சு விட முடிந்தது. பிள்ளை ரசச் சோறு சாப்பிட்டாள், தூங்கினாள், தலையை மோதுவது குறைந்தது. தங்கச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளை சாப்பிடுகிற படத்தைக் குழுவில் போட்டாள். எல்லோரும் வாழ்த்தினார்கள். செபராங் ஜெயாக்காரி மட்டும் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். ரசத்தில் பெருங்காயம் போடுகிறீர்களா, டப்பாவை எடுத்துப் பாருங்கள் என்று.

தங்கச்சி அடுக்களைக்கு வந்து மஞ்சள் நிறப் பெருங்காய டப்பாவை எடுத்தாள். அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தாள். 

"கோதுமை மாவு போட்டிருக்கான்க்கா."

பெருங்காயத்தில் கோதுமையா என்று நான் நம்பவில்லை. அது மரத்துப் பால் என்றுதான் கேள்வி. மாவு கலந்துதான் கட்டியாக்கி, பொடியாக்கி விற்கிறார்கள் என்று அவள் படித்துச் சொன்னாள். எத்தனை வருஷம் இந்தக் கையால் கிள்ளிப் போட்டிருப்பேன்.

"ஒரு கிள்ளுதானே" என்று சொல்ல வந்தேன். அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"ஒரு துளி போனாலும் போனதுதானாம். இத்தனை நாளும் கணக்குல சேராதுக்கா. மறுபடி முதல்லேர்ந்து" என்றாள். குரல் உயரவே இல்லை. டப்பாவையும் அந்தப் பிளாஸ்டிக் பை மாதிரியே கட்டிக் கீழே கொண்டுபோனாள்.

மறுநாள் பெருங்காயம் போடாமல் ரசம் வைத்தேன். மிளகைக் கூட்டினேன், பூண்டைக் கூட்டினேன், கொத்தமல்லியைத் தண்டோடு போட்டேன். பிள்ளை தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். குனிந்து முகர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்கிறவள் இல்லை. பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

மாவு சேராத பெருங்காயம் தேடி லிட்டில் இந்தியாவில் கடை கடையாக ஏறினேன். ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று, கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து, உள்ளே போய் மெதுவாகக் கேட்பேன். கடைக்காரர்களுக்குச் சிரிப்பு. ஒரு கடையில் பெட்டிக்கு அடியில் தேடி, கல் மாதிரி ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார்கள். அதைத் தட்டிப் போட்டால் வீடு முழுக்க நெடி. பழைய வாசனை இல்லை. பிள்ளை காதைப் பொத்துவது போல மூக்கைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் என் கையைப் பிடிப்பதை நிறுத்திவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுதாலும் மோதினாலும் ஏதோ கேட்கிறாள் என்று இருக்கும். இப்போது ஐஸ்பெட்டிப் பக்கமே போவதில்லை. மூலையில் உட்கார்ந்து தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் கையை அவள் மடியில் கொண்டுபோய் வைப்பேன். அது பாட்டுக்குக் கிடக்கும்.

அரசாங்க மருத்துவமனையில் எடை பார்த்தார்கள். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயசு, பொறுமையானவர். இந்தச் சாப்பாட்டு முறையால் பேச்சு வரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, அவள் சாப்பிடுகிற எதையாவது முதலில் கொடுங்கள், அடுத்த முறை எடை இன்னும் இறங்கினால் சேர்த்துக்கொண்டு மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று சொன்னார். தங்கச்சி எல்லாவற்றுக்கும் யெஸ் டாக்டர் என்றாள். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும், "அந்த டாக்டரோட புள்ள பேசும்லா" என்றாள். சாவியைப் போட்டாள், திருப்பவில்லை.

அப்போது தங்கச்சி தைப்பூசத்துக்கு விரதம் இருந்துகொண்டிருந்தாள். பால்குடம் எடுக்கிறேன், பிள்ளை வாய் திறக்கட்டும் என்று வேண்டுதல். அந்தக் கார்த்திகையிலேயே வேண்டிக்கொண்டது. எங்களில் யாருக்காவது தெரியாத பழக்கமா? பிள்ளைக்கு ஒன்று என்றால் பால்குடம்தான். எங்கள் அம்மாவும் எடுத்திருக்கிறாள். அதனால் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

தங்கச்சி புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளையை விட்டுப் போக ஆள் இல்லை. அவளுக்குக் காதை மூடுகிற பெரிய ஹெட்போனை மாட்டி, நான் கையைப் பிடித்துக்கொண்டு, விடிந்ததும் கிளம்பினோம். என் பையில் ஒரு டப்பாவில் பெருங்காயம் போடாத ரசச் சோறு. அவள் தொடமாட்டாள் என்று தெரிந்தே கொண்டுபோனேன்.

முருகன் கோயில் மலையடியில் தங்கச்சி மஞ்சள் சேலையோடு நின்று குடத்தில் பாலை ஊற்றினாள். பிள்ளை என் பக்கத்தில் துவண்டு நின்றவள், சட்டென்று நிமிர்ந்தாள். கழுத்து நீண்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டிலிருந்து விரட்டின பாலை இவள் தலையில் தூக்கிக்கொண்டு பிள்ளைக்கு முன்னால் நடக்கப் போகிறாள். சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் மஞ்சள் துணியைக் கட்டி, அரோகரா சொல்லிக் குடத்தைத் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். ரோஜாப் பால், மோர், ரொட்டி, பிஸ்கட் என்று நிற்கிற பிள்ளைகளெல்லாம் எட்டி எட்டிக் கொடுக்கிறார்கள். "பாப்பாவுக்குக் குடுங்க பாட்டி" என்று கையில் திணிக்கிறார்கள். அன்னதானத்தை வேண்டாம் என்று சொல்லும் வாய் எனக்கு இல்லை. ஒரு கோப்பையை வாங்குவேன், பிள்ளைக்கு எட்டாமல் உயர்த்திப் பிடிப்பேன், நானே குடித்துவிடுவேன். அடுத்த பந்தலில் இன்னொன்று. என் வயிறு பானை மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் ஒரு குச்சி மாதிரிப் பிள்ளை நடந்து வருகிறது. பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

படிக்கட்டில் பாதியில் பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். மேலேயும் கீழேயும் கூட்டம். தூக்கப் பார்த்தேன், என்னால் முடியவில்லை. தங்கச்சி திரும்பிப் பார்த்து, ஓரமாக வந்து, குடத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். விரதத்தில் அவளும் காய்ந்துபோயிருந்தாள்.

பிள்ளை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். மெதுவாக இழுத்தாள். அந்தக் கையைக் கொண்டுபோய்க் குடத்து வாயில் கட்டியிருந்த மஞ்சள் துணியின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு, தன் கையை அதன் மேல் வைத்து அழுத்தினாள்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "அக்கா, இது சாமிக்கு."



"இது சாமிக்குக்கா" என்றாள் மறுபடி. அவள் விரல் அதற்குள் முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தது. என் டப்பாவின் மூடியைக் கேட்டு வாங்கினாள். குடத்தைச் சாய்த்தாள். நீல மூடிப் புட்டியைத் தவிர வேறு எதிலும் பால் குடிக்காத பிள்ளை, அந்தப் பிளாஸ்டிக் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். மூக்கெல்லாம் பால்.

மேல் படியில் நின்ற ஒரு அம்மா பார்த்துவிட்டார். "என்னம்மா செய்றீங்க? வேண்டுதல் பால எச்சில் பண்ணலாமா? சாமி குத்தம் வந்துரும்லா."

தங்கச்சியின் கை நின்றுவிட்டது. அவள் வேலையிடத்தில் எத்தனையோ பேரை அதட்டுகிறவள். அன்றைக்கு அவளால் தலை நிமிர முடியவில்லை. பிள்ளை காலி மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரட்டும்மா" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. "எம் மேல வரட்டும். இந்தப் புள்ள வயித்துக்குள்ள பால் போயி எத்தனை நாளாச்சு, உங்களுக்குத் தெரியுமா? அது குடிச்சு முடிக்கட்டும். நீங்க மேல போங்க."

அந்த அம்மா திரும்பி மேலே ஏறினார். காவடியோடு வந்த ஒரு பையனின் அப்பாவாக இருக்கும், கீழேயிருந்து, "நகருங்கலா, புள்ளைக்குக் கொஞ்சம் காத்து விடுங்க" என்று கூட்டத்தை விலக்கிவிட்டார்.  நானும் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளை மறுபடி அம்மாவின் கையை எடுத்துக் குடத்தின் மேல் வைத்தாள். தங்கச்சி ஊற்றினாள். இன்னொரு தடவை வைத்தாள், ஊற்றினாள். அவள் அழுதுகொண்டே ஊற்றியதில் பாதி படியில் சிந்தியது.

"பேசும்னு சொன்னாங்களேக்கா" என்றாள்.

நான் கையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டேன். 

மிச்சப் பாலைக் கட்டிக்கொண்டு ஏறுவதா இறங்குவதா என்று கேட்டாள். வந்தது வந்தோம், ஏறலாம் என்றேன். மேலே வரிசையில் ஒருவர் குடத்தை வாங்கி, அவிழ்த்து, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமலே ஊற்றிவிட்டுக் காலிக் குடத்தைத் திருப்பிக் கொடுத்தார். இறங்கும்போது முதல் பந்தலில் தங்கச்சி தானே நின்று பிஸ்கட் கேட்டு வாங்கினாள்.

வீட்டுக்கு அதே மஞ்சள் நிறப் பெருங்காய டப்பா புதிதாக வந்தது. நீல மூடிப் புட்டி அதே மாதிரி கிடைக்கவில்லை, வேறு நீலம்தான் கிடைத்தது. அதற்குப் பிள்ளை சமாதானமாகக் கொஞ்ச நாள் பிடித்தது. பாய் கடையில் முறுகல் ரொட்டி போடுகிறவர், ஊருக்குப் போயிருந்தீங்களா அக்கா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எடை மெல்ல ஏறுகிறது. குழாய் போடவில்லை. பேச்சு வரவில்லை. விசேஷ மாவு கபர்டில் மேல் தட்டில் இன்னும் இருக்கிறது, அதை எறிய தங்கச்சிக்கு மனசு வரவில்லை.

அந்தக் குழுவிலிருந்தும் அவள் விலகவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்து, மற்ற பிள்ளைகள் பேசுகிற வீடியோக்களைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரம் பிள்ளை வந்து மணிக்கட்டைப் பிடித்தால், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து, இழுக்கிற பக்கம் போவாள்.